புதுக்கோட்டைத் தொண்டைமான்களும் கும்பினியாரின் யுத்தங்களும்

ஆர்க்காட்டு நவாபு முகமது அலிக்கும் அவருக்குப் பக்கபலமாக நின்ற ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியாருக்கும் யுத்தத்தில் துணை நிற்பதென்று புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர் செய்த தீர்மானமே, 1,200 சதுர மைலுக்குச் சற்றுக் குறைந்த அந்த வறண்ட நாடு, சுற்றிலுமிருந்த பெரிய அரசுகள் ஒவ்வொன்றாக அஸ்தமித்த பின்னரும் 1948 வரை தனிச் சமஸ்தானமாக நிலைத்திருந்ததற்கு மூலகாரணம்.

1686ஆம் ஆண்டையொட்டி, இராமநாதபுரம் கிழவன் சேதுபதி தம் மனைவியின் சகோதரரான இரகுநாதராயத் தொண்டைமானுக்கு அளித்த நிலப்பரப்பிலிருந்து இவ்வரசு தோன்றிற்று. வடகிழக்கில் தஞ்சை மராத்தியரும் வடக்கே திருச்சிராப்பள்ளியைக் கைக்கொண்டவர் எவராயினும் அவரும் இதன்மேல் ஓயாது கண் வைத்திருந்தனர்.

1751இல் நவாபு பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் அவரை ஆதரித்த பிரெஞ்சுக்காரரும் திருச்சிராப்பள்ளிக் கோட்டையை முற்றுகையிட்டபோது, உள்ளே அகப்பட்டிருந்த முகமது அலிக்கு மைசூரார், மராத்தியத் தலைவர் முராரி ராவ், தஞ்சை அரசர், விஜயரகுநாதராயத் தொண்டைமான் ஆகியோர் சகாயம் செய்தனர். 1752இல் சந்தா சாகிபு கொலையுண்டார். உதவிக்கு ஈடாக முகமது அலி பேசியபடி திருச்சிராப்பள்ளி தமக்குக் கிடையாதென்று கண்ட மைசூர்ப் படைத்தலைவர் நஞ்சராஜர் பிரெஞ்சுக்காரர் பக்கம் சாய்ந்தார். முராரி ராவும் அவ்வாறே சாய, தஞ்சை அரசர் காற்று வீசும் திசை பார்த்துக் காத்திருந்தார். தொண்டைமான் ஒருவரே நிலைகுலையாமல் நின்றார். நெடிய ஈட்டி தாங்கிய கள்ளர் படையினும் அவருடைய அரிசியும் ஆடுமாடுகளுமே அன்று பெரிய உதவியாயின. ஸ்ரீரங்கம் பகைவர் வசமிருந்தமையால், கோட்டைக்குத் தானியம் வருவதற்குத் தொண்டைமான் காடுகளின் வழியே பெரிதும் நம்பத்தக்கதாயிருந்தது. இதனைத் தண்டிக்கும் பொருட்டு 1754இல் பிரெஞ்சுச் சைனியம் அந்நாட்டினுள் புகுந்தபோது, குடிகள் கால்நடைகளை ஓட்டிக்கொண்டு முட்காடுகளுக்குள் மறைந்துவிட, வந்தவர்கள் வெறும் ஊர்களைக் கொளுத்தித் திரும்பினர். மன்னரின் கணக்குக்குக் குடிகள் செலுத்திய விலை அது.

1799இல், கும்பினியாரின் கட்டளைப்படி, அவர்களை எதிர்த்துத் தோற்றுத் திருக்களம்பூர்க் காட்டில் மறைந்திருந்த பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மனைப் புதுக்கோட்டை ஆட்கள் பிடித்துக்கொடுத்தனர்; அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள் அவர் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். இதனைக் காட்டிக்கொடுத்தல் என்று பிற்காலத்தார் வைவது வழக்கம். அரை நூற்றாண்டாகப் பேணிய உடன்பாட்டை ஒரு பாளையக்காரரின் பொருட்டு முறித்திருந்தால் தொண்டைமான் நாடும் பாஞ்சாலங்குறிச்சியின் கதியையே அடைந்திருக்கும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

இத்தகைய துணைக்குக் கைம்மாறாக, தஞ்சையோடு நெடுநாள் வழக்கிலிருந்த கீழாநிலைக் கோட்டையும் அதனைச் சார்ந்த நிலமும் 1803இல் புதுக்கோட்டைக்கு வழங்கப்பட்டன. ஆண்டுக்கு ஒரு யானை கப்பம் என்பது நிபந்தனை. அந்த யானையை எவரும் வற்புறுத்திக் கேட்கவில்லை, 1836இல் அது முறைப்படி தள்ளுபடியாயிற்று. மன்னர்களுக்கு 17 குண்டு மரியாதையும் இருந்தது.

இராஜகோபாலத் தொண்டைமான் காலத்தில், 1948 மார்ச்சில், சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் சேர்ந்தது. 1974 ஜனவரி 14 முதல் புதுக்கோட்டை தனி மாவட்டம். புது அரண்மனையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நடைபெறுகிறது.