செத்த காலேஜில் ஒரு வளைதடி

திருக்கழுக்குன்றத்து மலைக்குச் செல்கின்றவர்கள் ஒருகல் மண்டபத்தில் சற்றே நின்று போவதுண்டு. பல்லவர் காலத்துக் குடைவரை அது. பதினேழாம் நூற்றாண்டில் இக்கரைக்கு வணிகம் நாடி வந்த ஒல்லாந்தர் சிலர், அதன் சுவரில் தம் பெயர்களைக் கீறிச் சென்றிருக்கின்றனர். முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அவை அழியவில்லை. கல்லில் கீறியவன் பெயர் நிற்கிறது. மரத்தைச் செதுக்கியவன் பெயரோ நிற்பதில்லை. அத்தகைய மரத்துண்டு ஒன்றைப் பற்றியே இங்கு நாம் சிந்திக்க விழைகிறோம்.

1851-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றுச் சில ஆண்டுகளில் எழும்பூருக்கு இடம் மாறிய சென்னை அருங்காட்சியகத்தை, அக்காலத்துப் பொதுமக்கள் 'செத்த காலேஜ்' என்று அழைத்தனர். விலங்குகள் உயிரோடு உலவிய தோட்டம் 'உயிர் காலேஜ்'. உயிரற்றவற்றை அடுக்கி வைத்த இடம் 'செத்த காலேஜ்'. எளிய மக்கள் இட்ட பெயரில் ஓர் உண்மை உண்டு. பயன்படுத்திய கை நீங்கிய பின்னரே பெரும்பாலான பொருள்கள் அங்கு வந்து சேருகின்றன.

1863-இல் பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கோடரி, தென்னகத்து மாந்தரின் பழமையை உலகுக்கு உணர்த்தியது. கல் எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் காத்திருக்கும். மரத்திற்கு அந்தப் பொறுமை இல்லை. கறையானும் ஈரமும் அதனை விட்டுவைப்பதில்லை. ஆகவே பழைய மரக்கருவி ஒன்று எஞ்சியிருக்கிறதென்றால், யாரோ ஒருவர் அதனைப் பேணிக் காத்தார் என்றே பொருள்.

அவ்வாறு எஞ்சியவற்றுள் ஒன்று வளரி. வளைதடி என்றும் அதற்குப் பெயர். மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளில் கள்ளரும் மறவரும் கையாண்ட எறிபடை அது. பிறைபோல் வளைந்த வடிவம். வயிரம் பாய்ந்த மரத்தால் ஆனது. இரும்பில் செய்ததும் உண்டு. ஒரு முனை கனத்தும், மறுமுனை மெலிந்தும் இருக்கும். மெலிந்த முனையைப் பற்றித் தோளுக்கு மேலாகச் சிலமுறை சுழற்றி விசையோடு எறிவர். வேட்டையில் முயலையும், போரில் மனிதனையும் வீழ்த்த வல்லது.

அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூலில், தஞ்சை ஆயுதசாலையிலிருந்து வந்த தந்தத்தாலான வளரிகள் மூன்றையும், புதுக்கோட்டையிலிருந்து வந்த மரத்தாலானவை இரண்டையும் குறிப்பிடுகிறார். இனி இதனை எறிய வல்லார் தம் சீமையில் இல்லை என்று புதுக்கோட்டைத் திவான் அவருக்கு எழுதினார். முன்னோர் வளரியை வீட்டுப் பூசையறையில் வைத்திருப்பதாகவும், ஆயுத பூசையன்று எடுத்துத் துடைத்து மீண்டும் அங்கேயே வைப்பதாகவும் அக்கடிதம் கூறிற்று. வீட்டார்க்கு அது நினைவுப்பொருள். அருங்காட்சியகத்திற்கோ சேகரிப்புப் பொருள்.

இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை உணர்த்த ஒரு மனிதரின் வரலாறு போதும். ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி 1795-ஐ ஒட்டி மதுரைப் பகுதியில் பணியாற்றினார். இளைஞராயிருந்த அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதன்முதல் கற்றுக் கொடுத்தவர் சிவகங்கைச் சின்ன மருது. தேர்ந்த கையால் வீசப்பட்டால் நூறு கஜத் தொலைவுக்குள் குறி தப்பாது என்று, 1830-இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் வெல்ஷ் வியந்து எழுதினார்.

ஆறே ஆண்டுகள் கழிந்தன. 1801-இல் கும்பெனிக்கு எதிராக மருது சகோதரர் போர்க்கொடி உயர்த்தினர். மாணவர் இப்போது எதிர்ப்படையில் இருந்தார். காட்டுவிலங்கைப் போல் துரத்தப்பட்டுத் தொடையெலும்பு முறிந்து சிறைப்பட்ட தம் ஆசானை அவர் கண்டார். அவ்வாண்டு அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரில் மருதிருவரும் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமி, சிறுவனாயிருந்தும், 1802-இல் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டான். 1818-இல் வெல்ஷ் அங்கிருந்தபோது, கிழவனைப் போல் தளர்ந்த ஒருவன் அவர் முன் வந்து, கண்ணீர் வழியத் தன் பெயரைச் சொன்னான். துரைசாமிதான் அவன். அன்று பட்ட வேதனையை வெல்ஷ் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆயினும் அவரால் ஏதும் செய்ய இயலவில்லை.

போர் முடிந்ததும், 1801 டிசம்பர் அறிக்கையின்படி பாளையக்காரர் சீமையில் ஆயுதம் தாங்குதல் தடுக்கப்பட்டது. கருவி ஒடுங்கிற்று, பின்னர் மக்களின் முறை வந்தது. தர்ஸ்டனின் நூல் வெளிவந்த இரண்டே ஆண்டுகளில், 1911-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறந்தது. அதன்கீழ் மதுரைப் பகுதியின் பிரமலைக் கள்ளர் கைரேகை பதிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டனர். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள், பெருங்காமநல்லூரில் எதிர்த்து நின்றவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்னும் பெண்ணும் அதில் மாண்டார். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல்தான் நீங்கிற்று. வளரிக்குக் கண்ணாடிப் பேழையில் மதிப்பு. அதை வீசியவர் வழிவந்தோருக்குக் காவல் நிலையத்தில் இரவுக் காவல். இதனை எண்ணும்போது நம் நெஞ்சம் கூசுகிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. ஆக்ஸ்ஃபோர்டு நகரில் 1884-இல் நிறுவப்பட்ட பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில், நைல் ஆற்றங்கரையில் மாடு மேய்க்கும் டிங்கா மக்களின் மரத் தண்டாயுதங்கள் இருக்கின்றன. 2011-இல் தென்சூடான் தனிநாடாகும் முன், அம்மக்கள் நெடிய உள்நாட்டுப் போரில் பட்ட துன்பம் சொல்லி மாளாது. அத்தண்டுகளைக் காண்போர் வடிவத்தையும் மரத்தையும் காண்கின்றனர். ஏந்தியவனின் துயரைக் காண்பதில்லை.

கத்தோலிக்கராகிய நமக்கு இங்கு ஒரு சிறப்பான கடமை உண்டெனத் தோன்றுகிறது. புனித அருளானந்தர் 1693-இல் ஓரியூரில் குருதி சிந்தியதும் இதே மறவர் சீமையில்தான். புனிதர்களின் திருப்பண்டத்தை நாமும் கண்ணாடிக்குள் வைக்கிறோம்; ஆனால் பெயரின்றி வைப்பதில்லை. யாருடைய எலும்பு, எங்கு வாழ்ந்தார், எவ்வாறு மாண்டார் என்று அறிந்தே முழந்தாளிடுகிறோம். வளரி திருப்பண்டமன்று, உயிரைப் பறித்த படைக்கலம். போரை நாம் போற்றவும் இல்லை. எனினும், பொருளைக் காட்டிலும் அதைப் பற்றியிருந்த மனிதன் பெரியவன் என்னும் பாடத்தை அக்கண்ணாடி நமக்கு முன்பே கற்பித்திருக்கிறதல்லவா?

அடுத்த முறை பிள்ளைகளை எழும்பூருக்கு அழைத்துச் செல்லும்போது, ஆயுதப் பகுதியை விரைந்து கடந்துவிட வேண்டாம். இது யாருடைய கையில் இருந்தது, அந்தக் கைக்கு என்ன நேர்ந்தது என்று அவர்களைக் கேட்கச் செய்வோம். பெயர் அறிந்த இடத்தில் பெயரைச் சொல்வோம்: சின்ன மருது, துரைசாமி, மாயக்காள். அறியாத இடத்தில் ஒருகணம் மௌனமாய் நிற்போம். செத்த காலேஜில் நாம் ஆற்றக்கூடிய சிறு நீதி அதுவே.