தோலின் நிறமும் தொழிலாளியின் சருமமும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் முதலிய பாலாற்றுப் பிரதேசத்து ஊர்களில், குரோம் உப்பு வந்து சேர்வதற்கு முன்னெல்லாம், ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறியே பக்குவமடைந்தன. அவ்விதம் பதமான தோல் ஆரம்பத்தில் வெளிர் நிறமாக இருந்தாலும், வெயில் பட்டால் சிவந்துவிடும் என்பதை அனுபவத்தில் அறிந்திருந்த தொழிலாளர்கள், கடைசியில் அதைக் கடுக்காய் நீரில் போட்டெடுத்து, வர்ணம் கெடாதபடி காத்தனர். அதே ஆவாரையின் பூவை நிழலில் உலர்த்தி இடித்து, பயற்றம் மாவோடு கலந்து, மேனி மினுமினுக்கத் தேய்த்துக் குளிப்பது தமிழ்நாட்டுப் பெண்களின் நெடுநாளைய வழக்கம்.

முகத்தில் படரும் மங்குக்கும் கரும்புள்ளிக்கும் நவீன வைத்தியம் கண்ட பிரதான மருந்தின் சரித்திரமும் தோல் தொழிலிலேதான் தொடங்குகிறது. அமெரிக்கத் தோல் ஆலை ஒன்றில் ரப்பர் கையுறை அணிந்து உழைத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கையும் முன்கையும் வெளுத்துப் போகவே, அதை ஆராய்ந்து 1939-ல் அறிவித்த வைத்தியர்கள், ரப்பர் கெடாதிருக்கச் சேர்த்த மோனோபென்சோன் என்னும் ரசாயனமே காரணம் என்று கண்டனர். அது நிறத்தை நிரந்தரமாக அழிக்கவல்லது. ஆதலால் அதே வர்க்கத்தைச் சேர்ந்த, வீரியம் குறைந்த ஹைட்ரோகுவினோன் மங்குச் சிகிச்சையில் இடம்பெற்றது. அதனோடு டிரெடினாயினையும் ஒரு ஸ்டீராய்டையும் கூட்டி, 1975-ல் கிளிக்மன், வில்லிஸ் என்ற இருவர் வகுத்த முறையே இன்றைய மும்மருந்துக் களிம்புகளுக்கு மூலம். வைத்தியர் சொன்ன காலத்துக்கு மேல் பூசினால், ஸ்டீராய்டு சருமத்தை மெலிவிக்கும். ஹைட்ரோகுவினோனோ, போக்க வந்த கருமையைவிடப் பிடிவாதமான நீலக் கருமையைப் படியவைத்துவிடக் கூடும்.

வெளிறிய திட்டைக் கண்ட மாத்திரத்தில் குஷ்டமென்று ஊர் ஒதுக்கிய காலம் இப்பிரதேசத்திலும் உண்டு. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-ல் தோன்றிய தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் போன்ற ஸ்தாபனங்களில், அத்தகைய திட்டை வைத்தியர்கள் பஞ்சு நுனியால் தொட்டு, உணர்ச்சி உண்டா என்று சோதித்த பிறகே வியாதியை நிர்ணயித்தார்கள். நிறத்தைக் கண்டு தீர்ப்புச் சொல்லாமல் காரணத்தை விசாரிக்கும் அந்த நிதானமே எல்லாச் சருமச் சிகிச்சைக்கும் அஸ்திவாரம்.

குரோம் ஒவ்வாமல் கையில் அரிப்பும் வெடிப்பும் கண்ட தொழிலாளிக்கு, புண் ஆறிய இடத்தில் கருமை தங்குகிறது. குரோம் மறுபடியும் படுமட்டும் எந்தக் களிம்பும் அக்கருமையைப் போக்காது; குரோமை விலக்கி, சருமத்தை வெயிலிலிருந்து காத்தால், பல மாதங்களில் அது தானாகவே மங்கும். மங்கு மருந்தால் முகம் தெளிந்த உலகம், தோல் தொழிலாளிக்குப் பட்டிருக்கும் கடனை, தோல் ஷாப்புகளில் தகுந்த கையுறையும் காலத்தில் வைத்தியமும் கிடைக்கச் செய்தே தீர்க்க வேண்டும்.