உயிர்ப்பிச்சை

1160ஆம் ஆண்டின் தொடக்கம். கியோட்டோவில் நிகழ்ந்த ஹெய்ஜி கலகத்தில் தோற்ற மினாமோட்டோ யோஷிதோமோ, பனி கொட்டும் பாதைகளில் கிழக்கு நோக்கித் தப்பியோடினார். ஓவாரியில் அவருக்குத் தஞ்சமளித்த சொந்தச் சேவகனே அவரைக் குளியலறையில் வைத்துக் கொன்றான். மூத்த மகன் யோஷிஹிராவின் தலை வெட்டப்பட்டது. இரண்டாமவன் டோமோனாகா தப்பும் வழியில் பட்ட காயத்தோடு மடிந்தான். பனியில் வழிதவறிய மூன்றாமவன் யோரிதோமோ, டைரா வீரர்களிடம் அகப்பட்டான். கலகத்தின்போது அவனுக்கு வயது 13. பிறப்பில் மூன்றாமவன் எனினும், தாயின் குடியுயர்வால் அவனே வாரிசு.

வென்றவரான டைரா கியோமோரி அவனைக் கொன்றிருக்க வேண்டும். தோற்றவனின் வாரிசு பழிதீர்க்கும் கடமையோடு வளர்பவன் என்பது அன்றைய போர்க்குடிகளின் பொது அறிவு. தடுத்தவர் கியோமோரியின் சிற்றன்னை, துறவியான இகே நோ ஜென்னி. இறந்துபோன தன் மகனின் சாயலைச் சிறுவனிடம் அவர் கண்டார் என்கின்றன போர்க்கதைகள். மரணம் நாடுகடத்தலாகக் குறைந்தது. இஸுவில் இருபது ஆண்டுகள். அவனைக் கண்காணிக்க வேண்டிய ஹோஜோ குடியினரே பின்னாளில் அவனுக்குப் பெண் கொடுத்தனர். 1180இல் அவன் வாளெடுத்தான். 1185இல் டன்னோஉராக் கடற்போரில் டைரா குலம் அழிந்தது.

கியோமோரியின் பெரும்பிழை அந்த இரக்கமே என்று சொல்வது எளிது. அப்படி மிக உறுதியாக நம்பியவர் யோரிதோமோவாகத்தான் இருக்க வேண்டும். பகைவனாகிவிட்ட உறவினர் யோஷினாகா 1184இல் வீழ்ந்தபோது, அவருடைய மகன் யோஷிதகா பிணையாகக் காமகுராவில் இருந்தான்; யோரிதோமோவின் மகள் ஓஹிமேக்கு நிச்சயிக்கப்பட்டவன். பெண்வேடமிட்டுத் தப்பிய அந்தச் சிறுவனை, இருமா ஆற்றங்கரையில் பிடித்துக் கொன்றார்கள். ஓஹிமே அந்தத் துயரிலிருந்து மீளாமலே 1197இல் மறைந்தாள். தம்பி யோஷித்சுனேவுக்கும் ஷிசுகாவுக்கும் பிறந்த ஆண்குழந்தையைப் பிறந்த அன்றே கடற்கரையில் கொல்லச் செய்ததாக 'அசுமா ககாமி' கூறுகிறது.

இதே மனிதர்தான் இகே நோ ஜென்னியின் மகன் யோரிமோரியை மன்னித்து, நிலங்களையும் திருப்பியளித்தார். நன்றி மறந்தவரல்லர் அவர். ஆனால் தான் பெற்ற கருணையை ஒரு குடும்பத்துக்குத் தீர்க்கவேண்டிய கடனாக மட்டுமே கண்டார்; பிறருக்கும் வழங்கவேண்டிய அறமாகக் காணவில்லை. தன் பதின்மூன்று வயதை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்? அதனாலேயே எதிரிகளின் பிள்ளைகளைக் கண்டு அஞ்சினார்.

அந்த அச்சம் அவர் வம்சத்தைக் காக்கவுமில்லை. 1199இல் அவர் இறந்தபின் மூத்த மகன் யோரியே பதவி பறிக்கப்பட்டு 1204இல் கொல்லப்பட்டார். 1219இல், ஷோகுனாக இருந்த இளைய மகன் சனேதோமோவைத் த்சுருகாஓகா ஆலயத்தில் வெட்டிச் சாய்த்தவன் குக்யோ: யோரியேயின் மகன், யோரிதோமோவின் பேரன். தந்தையை இழந்து தனித்து வளர்ந்த வாரிசு. அவனும் அன்றே கொல்லப்பட்டான். ஆட்சி ஹோஜோக்களின் கையில் நிலைத்தது. யோரிதோமோ அஞ்சிய சிறுவன் கடைசியில் வந்தேவிட்டான். வந்தது அவர் வீட்டுக்குள்ளிருந்து.