நந்தனார் சரிதமும் நாட்டு நிலையும்

ஒரு நாட்டினரின் வாழ்க்கையை அறிதற்குக் கல்வெட்டும் செப்பேடும் மாத்திரம் கருவிகள் அல்ல. அவர்கள் பாடிய பாட்டும், கேட்ட கதையும், மேடையில் எழுந்த பேச்சும், பிற்காலத்தே கண்ட படக்காட்சியும் சான்று பகர்வனவே. ஆயினும் இவற்றுள் ஒன்றைத் தனியே எடுத்துக்கொண்டு, இன்ன காலத்து மக்கள் இன்னவாறு வாழ்ந்தனர் என்று துணிதல் ஆகாது. ஒரே கதை காலந்தோறும் எவ்வாறு மாற்றிச் சொல்லப்பெற்றது என்று நோக்குவோமாயின், மாற்றினவர்களுடைய காலம் தெற்றெனப் புலப்படும். இதற்குத் திருநாளைப்போவார் என்னும் நந்தனார் சரிதத்தினும் ஏற்றதோர் எடுத்துக்காட்டு வேறில்லை என்பது நம் கருத்து. நம் இல்லங்களில் உள்ள முதியோர் பலர் இக்கதையைப் பாட்டாகவே அறிவர். அவர்கள் அறிந்த கதை சேக்கிழார் சொன்ன கதை அன்று.

சுந்தரமூர்த்தி நாயனார் தம் திருத்தொண்டத்தொகையில் இவ்வடியாரைப் பெயரளவிற் சுட்டி வணங்கினார். நம்பியாண்டார் நம்பி அதனைச் சிறிது விரித்தார். 12ஆம் நூற்றாண்டிற் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பெருமானே வரலாற்றை முழுமையும் உரைத்தார். அவர் காட்டும் ஆதனூர் கொள்ளிடக்கரையை அடுத்தது. அதன் புறத்தே அமைந்த சேரியை அவர் வருணிக்கும் பகுதியை அன்பர்கள் ஒருமுறையேனும் நிறுத்திப் படித்தல் வேண்டும். கோழிக் குஞ்சுகளும், நாய்க்குட்டிகளும், அவற்றோடு விளையாடும் சிறுவர்களும், மரக்கிளைகளில் தொங்கும் பறைகளும் நேரிற் கண்டான் ஒருவன் எழுதியது போன்று அங்கே நிற்கின்றன. அரசவை அமைச்சராக இருந்தவர் என்று சொல்லப்படும் ஒருவர் இத்துணை அணுக்கமாகச் சேரியை நோக்கியது வியப்பேயாம்.

இனி, அந்நந்தனாருடைய பிழைப்பு யாது? ஊரார் விட்ட மானிய நிலத்தின் வருவாயைக்கொண்டு தமக்குரிய ஊர்த்தொழிலைச் செய்து வாழ்ந்தார். கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் அளித்து வந்தார். அவர் கொடுத்த தோல் உள்ளே சென்று முழங்கிற்று. கொடுத்தவர் வெளியே நின்றார். திருப்புன்கூரில் இறைவன் நந்தியை விலகச் செய்து காட்சியளித்தான் என்பதும், ஆண்டு அவர் குளம் தொட்டார் என்பதும், தில்லையின் எல்லையை இரவும் பகலும் வலம்வந்தார் என்பதும், ஈற்றில் தென்வாயிலின் புறத்தே மூட்டிய தீயில் மூழ்கி, முனிவர் வடிவொடு பூணூலும் விளங்க எழுந்து, திருமுன் சென்று மறைந்தார் என்பதும் புராணம் கூறுவன. இவற்றுள் எவ்விடத்தும் நந்தனாருக்கு ஆண்டை என்று ஒருவர் இல்லை. அவரைத் தடுத்தது தம் பிறப்பைப் பற்றிய எண்ணமே. தடுத்த மனிதர் ஒருவரும் பெயர் குறிக்கப்பெறவில்லை.

அடுத்து 19ஆம் நூற்றாண்டிற்கு வருவோம். மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றினார். 1861ஆம் ஆண்டையொட்டி, காரைக்காலிலிருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவருடைய ஆதரவினால் அஃது அச்சேறியது என்பர். பாரதியார் கதையில் ஒரு வேதியர் வருகின்றார். நந்தனார் அவருடைய பண்ணையாள். சிதம்பரம் போய்வர விடைகேட்கும் நந்தனாரை அவர் சினந்து பேசுகின்றார்; நாற்பது வேலி நிலத்தின் பயிர்வேலையை முடித்தாலன்றிப் போகலாகாது என்று விதிக்கின்றார். ஒரு வேலி என்பது ஏறத்தாழ ஆறேகால் ஏக்கருக்கு மேற்பட்டது. ஆகவே நாற்பது வேலி 250 ஏக்கரையும் கடந்தது. சிவகணங்கள் ஓரிரவில் அவ்வேலையைச் செய்து முடிக்கின்றன. காலையிற் கண்ட வேதியர் கலங்கி, நந்தனாரின் பெருமையை உணர்கின்றார்.

இந்த வேதியர் எங்கிருந்து வந்தார்? புராணத்திலிருந்து வரவில்லை; தஞ்சை நாட்டு வயல்களிலிருந்து வந்தார் என்றே நாம் கொள்கின்றோம். பாரதியார் காலத்துக் காவிரிப் பாய்ச்சலில் நிலம் மிராசுதார்களிடம் குவிந்திருந்தது; சேரியினர் பண்ணையடிமைகளாய் உழைத்தனர். 1843ஆம் ஆண்டின் சட்டம் அடிமைத்தனத்தை ஏட்டளவில் ஒழித்ததேனும், பண்ணையாள் என்னும் நிலை நீங்கவில்லை. அந்நாட்டுப் பண்ணையாட்களைக் காக்கத் தனிச்சட்டம் 1952இல்தான் எழுந்தது. சோழர் காலத்து ஊர்ப்பணியாளர் ஆங்கிலேயர் காலத்துப் பண்ணையாளாக மாறியதைப் பாரதியார் எந்த ஆவணத்தையும் புரட்டாமல் தம் கண்ணாற் கண்டு கதையில் வைத்தார். மிராசுதார் பலர் வாழ்ந்த ஊரில் இருந்துகொண்டே அவர் இதனைப் பாடினார் என்பது சிறிய செய்தியன்று.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் இந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் அளிக்க முதலில் இசையவில்லை. இலக்கண வழுக்கள் உள்ளன. புராணத்தொடு கதை மாறுபடுகின்றது என்பன தடைகள். பின்னர்ப் பாரதியார் தாமே பாடக் கேட்டு உள்ளம் உருகிப் பாயிரம் நல்கினார். இதனை உ. வே. சாமிநாதையரவர்கள் எழுதிவைத்துள்ளார்கள். இலக்கணம் கற்பித்துப் பிழைக்கும் நம்போன்றோர்க்கு மகாவித்துவானின் முதல் தயக்கமும் விளங்குகின்றது. பின்னர் உருகியதும் விளங்குகின்றது. எனினும் அவர் குறையாகக் கண்ட மாறுபாடே இன்று வரலாறு கற்போர்க்கு நூலின் பெரும்பயனாய் நிற்கின்றது.

தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதர் முதலியோர் இதனைக் கதாகாலட்சேபமாக நடத்தினர். மிராசுதார்களும் அவர்தம் குடும்பத்தாரும் கூடியிருந்து கேட்டுக் கண்ணீர் விட்டனர். காலையில் எழுந்து தம் பண்ணையாட்களை முன்போலவே நடத்தினர். இசையின் இனிமை கதையின் கூர்மையை மழுக்கியதோ என்று ஐயுறுகின்றோம்.

மேடைப்பேச்சு அக்கூர்மையை மீட்டது. காந்தியடிகள் தமிழ்நாட்டுப் பயணங்களில் நந்தனாரைச் சத்தியாக்கிரகிக்கு இலக்கணமாக எடுத்துப் பேசினார். சுயமரியாதை இயக்கத்தாரோ, கடவுளைக் காணத் தீயில் இறங்கவேண்டியவர் அவர் ஒருவர்தாமா என்று வினவினர். இருசாராரும் ஒரே கதையை வைத்துக்கொண்டே வழக்காடினர். இவ்விரு குரல்களுக்கும் இடையே, சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்திலேயே நந்தனார் பெயரால் ஒரு கல்விநிலையத்தைத் தொடங்கினார். நந்தனார் வெளியே நின்ற ஊரிலே அவர் மரபினரின் பிள்ளைகள் உள்ளே அமர்ந்து எழுத்துக் கற்றனர். சகஜானந்தரின் இச்செயலை அவ்விருவகைப் பேச்சினும் மேலாகவே நாம் மதிக்கின்றோம்.

படக்காட்சி வந்தபொழுது நந்தனார் அதிலும் புகுந்தார். 1935ஆம் ஆண்டுப் படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் நந்தனாராகவும், மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராகவும் நடித்தனர். அம்மையாருக்கு இலட்சம் ரூபாய் ஊதியம் என்பது அந்நாளில் ஊரெங்கும் பேச்சு. பெண்ணொருவர் ஆண்வேடம் பூண்டதைப் பற்றிப் பேசினவர்கள், அவ்வேடம் எவருடையது என்பதைப் பற்றி அவ்வளவு பேசினரோ, அறியோம். 1942இல் ஜெமினியார் எடுத்த படத்தில் தண்டபாணி தேசிகர் நந்தனாரானார். இவ்விரு படங்களுக்கும் இடையே, 1936 நவம்பரில் திருவிதாங்கூரின் ஆலயப்பிரவேசப் பிரகடனமும், 1939 ஜூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாதையர் முன்னின்று நடத்திய மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவும் நிகழ்ந்துவிட்டன. முதற்படத்தைக் கண்டோர்க்கு மூடியிருந்த வாயில்களிற் சில, இரண்டாம் படத்தைக் கண்டோர்க்குத் திறந்திருந்தன. கதை அதுவே, அரங்கினுள் அமர்ந்திருந்தோரின் நாடு அதுவன்று.

சிறுகதையாசிரியர் புதுமைப்பித்தன் 1934இலேயே ‘புதிய நந்தன்’ என்று ஒரு கதை எழுதினார். ஆதனூரே களம், தீக்குழி இருந்த இடத்தில் இரயில் வண்டி வருகின்றது. பக்தியுள்ளம் படைத்தோர்க்கு அக்கதை கசக்கும். கசப்பினும் படிக்கத்தக்கது.

வகுப்பில் பெரியபுராணப் பகுதியை நடத்துகையில் மாணவர் நம்மைத் தவறாமற் கேட்கும் வினா ஒன்றுண்டு. திருப்புன்கூரில் நந்தி விலகியது போலத் தில்லையில் வாயில் தானே திறந்திருக்கக் கூடாதோ என்பது அது. உரைகளில் இதற்கு விடைகள் உள. அவற்றைச் சொல்கின்றோம், பிள்ளைகள் எழுதிக்கொள்கின்றனர், மறுவாண்டு வேறு பிள்ளைகள் அதனையே கேட்கின்றனர்.

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்தில் ‘கிந்தனார்’ காலட்சேபத்தை நடத்தியபொழுது அவ்வினாவுக்கே இடமில்லாமற் செய்தார். பாகவதரின் அதே நடை, அதே வாய்ப்பாட்டு. ஆனால் கிந்தன் போக விரும்பிய ஊர் சிதம்பரம் அன்று. பள்ளிக்கூடம் உள்ள பட்டணம். அவன் அங்கே இரயிலேறிப் போனான்.