அடிப்பாரம்: கப்பலின் அடியில் கிடந்த சோகி

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

தரம் 8 பிள்ளையொருவன் போன வாரம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டான். "சேர், வெளிநாட்டு வீடியோ ஒண்டு பார்த்தன். வேகப்படகுக்குள்ள பம்ப் போட்டு தண்ணி நிரப்புறானுகள். நம்மட தோணிக்குள்ள தண்ணி வந்தா நாம அள்ளி வெளியில ஊத்துறம். அவனுகளுக்கு விசரா சேர்?"

வகுப்பே சிரித்தது. ஆனால் கேள்வி லேசுப்பட்டதல்ல. அவன் பார்த்தது வேக்போர்டிங் படகு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பலகையில் நின்றபடி படகின் பின்னால் இழுபட்டுப் போகும் விளையாட்டு அது. படகு ஆழமாக அமிழ்ந்தால்தான் பின்னால் எழும் அலை பெரிதாகும், அலை பெரிதானால்தான் விளையாடுபவன் எகிறிப் பாயலாம். அதற்காகப் படகின் தரைக்கடியில் பெரிய பைகளை வைத்து ஏரித் தண்ணீரையே அவற்றுக்குள் ஏற்றுகிறார்கள். வலப்பக்கம் இவ்வளவு, இடப்பக்கம் இவ்வளவு, முன்னுக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு. இரண்டு பேர் ஒரு பக்கம் மாறி உட்கார்ந்தாலும் அலை கோணிவிடும். பையை அரைகுறையாக நிரப்பவும் கூடாது. உள்ளே தளும்பும் தண்ணீர், படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடிப்போய் சாய்வை இன்னும் கூட்டும்.

இப்படி வேண்டுமென்றே ஏற்றும் பாரத்தைக் கப்பல்காரர்கள் பலாஸ்ட் என்பார்கள். நான் அடிப்பாரம் என்றே எழுதுகிறேன். இன்று விளையாட்டுக்குச் செய்வதைப் பழைய காலத்தில் உயிருக்காகச் செய்தார்கள். பாய்க்கப்பலில் பாரம் முழுக்க மேலே: பாய்மரம், பாய், கயிறு, அதில் மோதும் காற்று. சரக்கில்லாத வெறுங்கப்பல் கடலில் இறங்கினால் காற்று அதைச் சரித்துவிடும். ஆகவே அடித்தளத்தில் மணலோ கல்லோ நிரப்பினார்கள். கரை சேர்ந்ததும் அந்த மணலை அள்ளிக் கொட்டவும் கூலி கொடுக்க வேண்டும். வியாபாரி சும்மா இருப்பானா? எப்படியும் சுமக்கத்தான் வேண்டும் என்றால் விற்கக்கூடிய ஒன்றையே சுமப்போம் என்று யோசித்தான். அந்த யோசனையின் கதைதான் இன்றைய பதிவு.

இதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல சாட்சி இப்னு பதூதா. அவர் 1343இல் மாலைதீவுக்குப் போய் அங்கே காதியாக இருந்தார். 1344இல் இலங்கைக்கு வந்தார். அவர் இறங்கிய 'பத்தாலா' என்ற ஊரின் பெயரைக் கேட்டு மட்டக்களப்பு என்று நாம் ஆசைப்பட வேண்டாம், அது புத்தளம். மாலைதீவில் அவர் பார்த்தது சோகி வியாபாரம். நம் வீடுகளில் பெண்கள் போட்டு விளையாடுவார்களே, அதே சோகிதான். கடலில் பொறுக்கி, கரையில் குழி தோண்டிப் போட்டு, சதை அழுகிப்போன பிறகு வெள்ளை ஓட்டை எடுப்பார்கள் என்று எழுதுகிறார். அது அங்கே காசு. வங்காளத்தார் அரிசி கொடுத்து அதை வாங்கினார்களாம், அவர்கள் நாட்டிலும் அது காசாக ஓடியது. அடுத்து அவர் சொல்வதுதான் நமக்கு வேண்டிய செய்தி: யெமன்காரர்களும் சோகியை வாங்குகிறார்கள், கப்பலின் அடியில் மணலுக்குப் பதிலாக அதைப் போடுகிறார்கள்.

மாலைதீவில் நான்கு இலட்சம் சோகி ஒரு தங்க தீனார். பிற்பாடு அதே மனிதர் சஹாராவைக் கடந்து மாலிக்குப் போனார். அங்கேயும் சோகிதான் காசு. ஆனால் அங்கே 1,150 சோகிக்கே ஒரு தீனார்! கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 350 மடங்கு. ஒரு கப்பலின் அடியில் மணலாகக் கிடந்தது, கடலும் பாலைவனமும் தாண்டியபோது அரசனின் பணமாகிவிட்டது.

இந்த இடத்தில் கதை இனிப்பாக முடிந்திருந்தால் நல்லது. அப்படி முடியவில்லை.

300 வருடம் கழித்து அதே சோகி இலங்கைத் துறைமுகங்களில் குவிந்தது. மாலைதீவுச் சுல்தானின் தூதர்கள் கொழும்பிலிருந்த ஒல்லாந்து ஆளுநருக்குக் காணிக்கை கொண்டு வருவார்கள். கூடவே வரும் மாலைதீவு ஓடங்களில் சோகி வரும். ஒல்லாந்துக் கம்பனி அதை மலிவாக வாங்கிக் கப்பலின் அடியில் கொட்டியது. மேலே கறுவா. கறுவா விலையுயர்ந்தது, ஆனால் பாரமில்லாதது. அடியில் கனமான எதுவுமில்லாமல் கறுவாவை மட்டும் ஏற்றிக்கொண்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்ற முடியாது. ஆம்ஸ்டர்டாமில் கறுவா அடுப்படிக்குப் போனது. அடியில் கிடந்த சோகி ஏலத்துக்குப் போனது. அதை ஏலத்தில் எடுத்தவர்கள் மேற்கு ஆபிரிக்காவுக்கு ஏற்றினார்கள். அங்கே அதைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். ஒரு அடிமைக்குப் பல பத்தாயிரம் சோகி.

கறுவாவுக்காகப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அடித்துக்கொண்ட கதையை நம் பாடப்புத்தகம் பக்கம் பக்கமாகச் சொல்கிறது. அதே கப்பலின் கீழ்த்தட்டில் என்ன இருந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இந்த வியாபாரத்தில் நம் கடலும் நம் அயலவர் பொறுக்கிய சோகியும் இருந்திருக்கின்றன.

அடிப்பாரமாக ஒல்லாந்தர் கொண்டு வந்ததும் உண்டு. ஐரோப்பாவிலிருந்து வரும்போது விற்கச் சரக்குக் குறைவு, கையில் வெள்ளிதான். ஆகவே செங்கல், ஈயம், இரும்பு என்று அடியில் போட்டு வந்தார்கள். 1628 ஒக்டோபரில் புறப்பட்ட 'பட்டாவியா' என்ற கப்பல் ஒரு கோட்டை வாசலையே அடியில் போட்டுக்கொண்டு வந்தது. ஜாவாவிலிருந்த பட்டாவியா கோட்டைக்காகச் செதுக்கிய மணற்கற்கள் அவை, நூற்றுக்கும் மேல். அந்தக் கோட்டைக்கு வாசல் போய்ச் சேரவேயில்லை. 1629 ஜூனில் கப்பல் மேற்கு அவுஸ்திரேலியாவுக்கு அப்பால் பாறையில் மோதி உடைந்தது. கற்களை எங்கள் காலத்தில்தான் கடலிலிருந்து எடுத்து அங்கே நூதனசாலையில் வாசலாக நிறுத்தியிருக்கிறார்கள்.

1628 என்றதும் நம் ஊர்க்காரருக்கு வேறொன்று ஞாபகம் வரும். புளியந்தீவில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டிய வருடம் அது. பத்து வருடத்தில், 1638இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். நெடுங்காலம் கச்சேரி இருந்த அதே கோட்டைதான்.

அதே 1628 ஓகஸ்ட் 10ஆம் திகதி சுவீடனில் நடந்ததுதான் என் பாடத்துக்கு மிகவும் தேவையானது. அரசனின் புதிய போர்க்கப்பல் 'வாசா' ஸ்டொக்ஹோம் துறையிலிருந்து முதல் பயணம் புறப்பட்டது. சுமார் 1,300 மீற்றர் போனது. லேசான காற்று ஒன்று அடித்தது. சரிந்தது, பீரங்கித் துவாரங்களால் தண்ணீர் புகுந்தது, கண்முன்னே மூழ்கியது. அடியில் பாரம் இல்லாமலா? 120 தொன் கல் இருந்தது. ஆனால் மேலே இரண்டு தட்டுப் பீரங்கிகள். இன்னும் கல் போட்டிருந்தால் கப்பல் தாழ்ந்து, கீழ்த்தட்டுத் துவாரங்கள் தண்ணீருக்குக் கிட்ட வந்திருக்கும். கட்டிய விதமே பிழை.

இதில் என்னைத் தூங்கவிடாத விடயம் வேறு. புறப்படும் முன்பே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 30 பேரை மேல்தட்டில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடச் சொன்னார்கள். மூன்றாம் முறை ஓடியதும் கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துத் தளபதி நிறுத்தச் சொல்லிவிட்டார். கப்பலை அல்ல, சோதனையை. அரசன் அவசரப்படுத்திக் கொண்டிருந்தான். விசாரணையில் கடைசிவரை யாருக்கும் தண்டனை இல்லை.

மனிதர்களையே அடிப்பாரமாகப் பாவித்தவர்கள் நம் நாட்டிலும் இருந்தார்கள், ஆனால் புத்தியோடு. ஒரு பக்கம் மிதவைக் கட்டை பூட்டிய பாய்த்தோணிகளில் காற்று பலமாக அடித்தால் ஒருவர் அந்தக் கட்டைப் பக்கம் போய் உட்காருவார். இன்னும் பலத்தால் இருவர். அதனால் காற்றையே 'ஒரு ஆள் காற்று', 'இரண்டு ஆள் காற்று' என்று அளந்தார்கள். எவ்வளவு அழகான அளவுகோல்! மிதப்பின் கணிதத்தைப் பிரான்சில் பூகே என்ற அறிஞர் புத்தகமாக எழுதியது 1746இல்.

புத்தகம் வந்து 268 வருடம் கழித்து, 2014 ஏப்ரல் 16இல், தென்கொரியாவில் 'செவோல்' கப்பல் சரிந்தது. 304 பேர் போனார்கள். அதில் 250 பேர் ஒரே பாடசாலைப் பிள்ளைகள், சுற்றுலா போனவர்கள். அனுமதித்ததைப் போல் இரு மடங்குக்கு மேல் சரக்கு ஏற்றியிருந்தார்கள். அப்படி ஏற்றினால் கப்பல் தாழ்ந்து கரையிலேயே பிடிபட்டுவிடும் அல்லவா? அதை மறைக்க அடித்தொட்டித் தண்ணீரைத் தேவையானதில் ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார்கள். வெளிக்கோடு சரியாகத்தான் தெரிந்தது. அடியில் இருக்க வேண்டியது இல்லை, மேலே இருக்கக்கூடாதது இருந்தது. திருப்பத்தில் கட்டாத சரக்கு ஒரு பக்கம் சரிய, கப்பலும் சரிந்தது.

அதே 2014இல்தான் நம் மண்முனைத்துறையில் பாலம் திறந்தார்கள். அதுவரை 'பாதை'தான். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: நாங்கள் பாதை என்பது தெருவை அல்ல, மிதவைகளின் மேல் பலகைத் தளம் போட்ட படகை. ஆட்களும் மோட்டார் சைக்கிளும் அதில் வாவியைக் கடக்கும். குருமண்வெளி - மண்டூர் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். பாதைக்கு அடியில் கல்லும் இல்லை, தண்ணீர்ப் பையும் இல்லை. அகலம்தான் அதன் பலம். தளம் தண்ணீருக்கு மேலே, பாரம் முழுக்கத் தளத்துக்கு மேலே, அந்தப் பாரத்துக்குக் காலும் இருக்கிறது.

2021 நவம்பர் 23 காலை கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் கவிழ்ந்ததும் அப்படியொரு மிதவைதான். பாலம் கட்டிக்கொண்டிருந்த காலம், அதுவரைக்கும் என்று ஓடியது. பாடசாலைப் பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே மௌத்தானார்கள். புத்தகப் பைகள் நனைந்து கிடந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அன்றிலிருந்து 'எத்தனை பேரை ஏற்றினார்கள்' என்றே எல்லோரும் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அதோடு நின்றுவிடுகிறோம். எத்தனை பேர் என்பது பாதிக் கேள்வி. எங்கே நின்றார்கள், எந்தப் பக்கம் நகர்ந்தார்கள் என்பது மீதிப் பாதி. 20 பேர் நடுவில் உட்கார்ந்திருப்பதும் 20 பேர் ஒரு விளிம்பில் எழுந்து நிற்பதும் ஒரே பாரமல்ல. தராசில்தான் ஒன்று, தண்ணீரில் வேறு.

வகுப்பில் அந்தப் பிள்ளைக்கு ஒரு பிளாஸ்டிக் பேசினும் சவர்க்காரப் பெட்டி மூடியும் ஏழெட்டுக் கல்லும் வைத்துக் காட்டினேன். நடுவில் அடுக்கினால் எல்லாக் கல்லையும் மூடி தாங்கியது. ஓரத்தில் மூன்றாவது கல்லோடு கவிழ்ந்தது. வீட்டில் பிள்ளைகளோடு செய்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

பாதையில் அடிக்கடி போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கரை இன்னும் தட்டியிருக்காது. அதற்குள் மோட்டார் சைக்கிள்கள் ஸ்டார்ட் ஆகும், எல்லோரும் இறங்கும் பக்கமாக நகரத் தொடங்குவார்கள். பிள்ளைகள்தான் முன்னுக்கு. அந்த நேரம் பாதையின் முன்விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் எத்தனை விரற்கடை மிச்சம் இருக்கிறது என்று அடுத்த முறை போகும்போது குனிந்து ஒருக்கா பாருங்கள்.