டொலிடோ திட்டம்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டொலிடோ நகரப் பள்ளிகளில் 1981-இல் தொடங்கிய சக ஆசிரியர் உதவி, மதிப்பீட்டு முறை. ஆசிரியர் சங்கத் தலைவர் டால் லாரன்ஸ் இதற்காக நெடுநாள் வாதாடினார். அதுவரை மதிப்பீடு தலைமையாசிரியர் வேலை; நிர்வாகச் சுமைக்கிடையே அவர் வகுப்புக்குள் எட்டிப் பார்ப்பதே அரிது.

புதிய முறையில், தேர்ந்த ஆசிரியர் ஒருவர் சுமார் மூன்றாண்டு தம் வகுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டு ஆலோசகராகிறார். புதிதாகச் சேர்ந்தவரின் பாடவேளையில் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுப்பார். மணி அடித்ததும் கூடவே உட்கார்ந்து, எந்தக் கேள்வியில் மாணவர் கவனம் சிதறியது என்று பேசுவார். தடுமாறும் அனுபவசாலிகளுக்கும் இதே உதவி உண்டு. ஆண்டிறுதியில், அந்த ஆசிரியரைப் பணியில் வைப்பதா நீக்குவதா என்ற ஆலோசகரின் பரிந்துரை ஒன்பது பேர் குழுவுக்குப் போகும். சங்கத்தார் ஐவர், நிர்வாகத்தார் நால்வர். முடிவுக்கு ஆறு வாக்கு வேண்டும் என்பதால் எந்தத் தரப்பும் தனித்து எதையும் சாதிக்க முடியாது. திட்டத்தின் உயிர்நாடி இந்தக் கணக்குத்தான். வேலையைக் காக்க வேண்டிய சங்கமே வேலைநீக்கத்துக்குக் கையுயர்த்துவதா என்ற முணுமுணுப்பு உள்ளேயே எழுந்தது.

சின்சினாட்டி, கொலம்பஸ், ராச்செஸ்டர் நகரங்கள் 1980-களிலேயே இதைப் பின்பற்றின. கலிபோர்னியா 1999-இல் சட்டமே இயற்றியது. ஆலோசகர்கள் விட்டுவந்த வகுப்புகளுக்கு மாற்று ஆசிரியர் அமர்த்தும் செலவுதான் பல மாவட்டங்களைத் தயங்க வைக்கிறது.