தொண்டரா, ஊடுருவியவரா?

ஒரே நிகழ்ச்சிக்கு இரு பெயர்கள் வழங்குமாயின், அப்பெயர்களை ஆராயாமல் நிகழ்ச்சியை அறிதல் அரிது. மலாக்கா மாநில வரலாறே இதற்குச் சான்று தருகின்றது.

1963 சனவரி 20இல் இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் சுபாந்திரியோ, மலேசியக் கூட்டமைப்புத் திட்டத்துக்கு எதிரான ‘கொன்ஃபுரொந்தாசி’ கொள்கையை அறிவித்தார். செப்டம்பர் 16இல் மலேசியா உருவாயிற்று. மறுநாளே இரு நாட்டுத் தூதுறவு முறிந்தது. 1964 அக்டோபர் 29இல், மலாக்காவையும் ஜொகூரையும் பிரிக்கும் கேசாங் ஆற்று முகத்துவாரத்தருகே இந்தோனேசியர் 52 பேர் கரையேறினர். மலாக்கா தெரெண்டாக் முகாமிலிருந்த ஆஸ்திரேலியப் படையினரும் பிறரும் அவர்களை வளைத்துப் பிடித்தனர்.

இவ்வாறு அனுப்பப்பட்டோரை ஜகார்த்தா ‘சுக்காரெலாவான்’, அதாவது தொண்டர், என்றது; கோலாலம்பூர் ‘ஊடுருவியோர்’ என்றது. முதற்சொல்லில் அனுப்பிய அரசு மறைந்துவிடுகின்றது. இரண்டாஞ்சொல்லில் எல்லை மீறிய குற்றம் தோன்றுகின்றது. பகைக்குக் காரணம் தோன்றுவதில்லை. துப்பாக்கி முழங்கியும், போரென்று முறையாக அறிவித்தார் ஒருவருமிலர்.

சொல் மட்டுமன்று, மௌனமும் செய்தியை உருவாக்கும். போர்னியோவில் இதே பகை நீண்டபோது, 1964 முதல் பிரிட்டிஷ் தரப்புப் படைகளும் எல்லை கடந்து இந்தோனேசியக் கலிமந்தானுக்குள் சென்றன. அது பல ஆண்டுகள் மறைபொருளாகவே காக்கப்பட்டது. அந்நாளில் நாளிதழ் படித்தோர்க்கு எல்லை கடந்தவன் பகைவன் ஒருவனே!

ஜாசின், மெர்லிமாவ் வட்டாரத் தோட்டத் தமிழர்க்குக் கேசாங் தொலைவிலுள்ள ஊரன்று. எனினும் அங்கு நடந்ததைக் கோலாலம்பூர்த் ‘தமிழ் நேச’னோ, சிங்கப்பூர்த் ‘தமிழ் முர’சோ, வானொலியோதான் கூறவேண்டியிருந்தது. படைச் செய்திக்கு இதழ்கள் பெரிதும் அரசறிக்கையையே சார்ந்திருந்தன. இது இதழாசிரியர் மீது சுமத்தும் பழியன்று, போர்க்காலத்தின் இயல்பு.

1966 ஆகஸ்டு 11இல் ஜகார்த்தாவில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. பகை தணிந்தது; சொற்கள் பழைய இதழ்களில் நின்றன. வரலாறு எழுதப் புகுவோர் அவற்றையே சான்றாகக் கொள்கின்றனர்.

ஒருவரையொருவர் அறியாத ஒற்றர் மூவர் கூற்று ஒத்தால்தான் தெளிக என்பது வள்ளுவர் காட்டும் நெறி. ஓர் அறிக்கையை மூன்று இதழ்கள் வெளியிட்டாலும் அவை ஓர் ஒற்றனே. தமிழாசிரியர் இக்குறளைப் பயிற்றும்போது, ஒரே நாளின் செய்தியை இருநாட்டு இதழ்களிலும் ஒப்புநோக்கச் செய்வாராயின், மாணவர் பொருளுரையோடு செய்தி படிக்கும் முறையையும் கற்பர்.